பக்குவக் குழு கூடாத பருவம்

தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு ஹாக்கி வாரியம் தன்னைத் தோற்கும் வாரியம் என்று சொல்லிக்கொள்வதில்லை. வளர்த்துக்கொண்டிருக்கும் வாரியம் என்றே சொல்லிக்கொள்ளும். அந்தக் கணக்கில் பார்த்தால், பெயின்டரின் மகளைத் தேர்ந்தெடுத்த வாரியம் உலகிலேயே மிக அதிகமாக வளர்த்துக்கொண்டிருந்த வாரியமாக இருந்திருக்க வேண்டும்.

பெயின்டருக்கு ஹாக்கி தெரியாது, சுவர் தெரியும். மகளுக்குச் சுவரைப் பற்றிக் கவலையில்லை. அது பந்தைத் திருப்பி அனுப்பினால் போதும். தெருவே அவளைக் 'கொசு' என்றுதான் கூப்பிட்டது. தடுக்க வருகிற இருவரின் நடுவே காதோரம் ரீங்கரித்தபடி நுழைவாள். ஓங்கிய கை இறங்குவதற்குள் அடுத்த பக்கம் போயிருப்பாள். நின்றுகொண்டிருக்கும் பேருந்தில் அவள் ஏறி யாரும் பார்த்ததில்லை. வண்டி நகர்ந்த பிறகு ஓடி, மட்டையை முதலில் உள்ளே நீட்டி, மட்டை போன வழியே தானும் போய்விடுவாள்.

"ஒருநாள் இல்லன்னா ஒருநாள் டயருக்குள்ள போகப்போற. அடுத்த பஸ் வராதா?" என்று பெயின்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

"அடுத்தது வரும்ப்பா. ஆனா இது போயிடுமே!"

பெயின்டர் தூரிகை வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

தேர்வு நாளன்று வாரியத்தின் பயிற்சியாளர், கழுத்தில் விசிலும் கையில் பந்துமாக, "பந்தை எப்படி அணுகணும்னா..." என்று ஆரம்பித்துப் பந்தைக் கீழே வைத்தார். வாக்கியம் வினைமுற்றை அடைவதற்குள் பந்து வலையை அடைந்துவிட்டது. பயிற்சியாளரின் முகம் வெளுத்தது. தன் பக்கத்து ஆள் அடித்து வலை அசைந்து அவர் பார்த்து நெடுங்காலம் ஆகியிருந்தது. உடனே அலுவலகத்துக்கு ஆள் ஓடியது. இயக்குநர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி வந்தார். தோண்டிய குழியில் புதையல் தட்டுப்பட்டதுபோல எல்லோரும் கொசுவைச் சுற்றி நின்றார்கள்.

"நிறுத்துங்க! இந்தப் பொண்ணு இனிமே ஓடக் கூடாது. யாராவது முதல்ல அந்த மட்டையை வாங்குங்க" என்றார் இயக்குநர்.

அதே நாளில் இன்னொரு பெண்ணும் வந்திருந்தாள். பந்து அவளிடம் போனால் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பியதுபோல ஓய்வெடுக்கும். ஆடிக்காற்றுக்கும் அசையமாட்டாள் என்பதால் மற்றப் பெண்கள் அவளுக்கு 'அம்மி' என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டார்கள்.

"இவளை என்ன சார் பண்றது?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"ஆட விடுங்க. கெட்டுப்போறதுக்கு இவகிட்ட என்ன இருக்கு?"

கொசு உட்கார வைக்கப்பட்டாள். அம்மி ஆடப் போனாள். வாரியத்தின் கொள்கை முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டது. மற்றவை யாவும் விளக்கவுரை.

விளக்கவுரையைக் கேட்கப் பெயின்டர் இயக்குநர் அறைக்கு அழைக்கப்பட்டார். மேசைக்குப் பின்னால் சுவரில், 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. பழஞ்சுவரைச் சுரண்டாமல், ஈரம் காயவிடாமல், அதன்மேலேயே புது வண்ணம் அடித்திருந்தார்கள். 'பூமி'க்குக் கீழே ஒரு கொப்புளம் எழும்பியிருந்ததில்தான் பெயின்டரின் கண் போய் நின்றது. 'பொறுமைக்கும் எல்லை உண்டு' என்ற பழமொழியை வளாகத்துக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாதென்று சுற்றறிக்கை இருப்பதாகக் காவலாளி வாசலிலேயே அவரை எச்சரித்திருந்தார்.

"உட்காருங்க. உங்க பொண்ணு சாதாரணப் பொண்ணு இல்ல. நட்சத்திரம். ஆனா வருங்கால நட்சத்திரம். அந்த 'வருங்கால'த்தை நாங்க பத்திரமா பாத்துக்கணும். ஒரு திறமைசாலி கையில கிடைச்சா ஊர்ல எல்லாரும் பண்ற முதல் தப்பு என்ன தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"ஆட விட்டுடறாங்க!" இயக்குநர் மேசையைத் தட்டினார். "ஆடினா என்ன ஆகும்? ஒருநாள் ஜெயிப்பா. தலைக்கனம் வரும். ஒருநாள் தோப்பா. மனசு உடையும். ஆடலேன்னா? ரெண்டு ஆபத்துமே இல்ல. எங்க பொறுமைப் பிரிவுல வளர்ந்த ஒரு திறமைசாலிகூட இன்னைக்கு வரைக்கும் தோத்ததில்ல சார்."

"ஜெயிச்சிருக்காங்களா சார்?"

"பாத்தீங்களா, அவசரப்படறீங்க." இயக்குநர் வருத்தத்தோடு புன்னகைத்தார். "நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறேங்க."

"ப்ரைமர் அடிச்ச கையோட பெயின்ட் அடிப்பீங்களா?"

"மாட்டேன் சார். காயணும்."

"அவ்வளவுதான்! நான் இவ்வளவு நேரம் கத்தினதை நீங்க ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க."

பெயின்டரின் முதுகு தானாக நிமிர்ந்தது. தன் தொழிலை ஒரு பெரிய மனிதர் உவமையாக எடுத்தாள்வதை அவர் அன்றுதான் கேட்டார். காய்ந்த பிறகு அடுத்த பூச்சை அடித்தே ஆகவேண்டும், அடிக்காமல் விட்ட ப்ரைமர் மாவாக உதிர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்தப் பெருமிதத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டார். சொல்லியிருந்தால் கதை மாறியிருக்குமா என்று பின்னாளில் சாரத்தின் மீது நின்றபடி அவர் பலமுறை யோசித்ததுண்டு. இயக்குநர் அதையும் ஒரு உவமையாக்கிக்கொண்டிருப்பார் என்றே தோன்றும்.

பயிற்சி தொடங்கியது. முதல் பருவம் பார்வைப் பருவம். பந்தைக் காலருகே வைப்பார்கள். கொசு அதைப் பார்க்க வேண்டும். கை துடித்தால் பயிற்சியாளர் விசில் அடிப்பார். பார்வை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அடுத்தது பந்தில்லாத மட்டைப் பருவம். அதற்கடுத்தது மட்டையில்லாத பந்துப் பருவம். இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கும் பருவத்துக்கு வாரியத்தில் பாடத்திட்டம் எழுதப்பட்டிருக்கவில்லை. அதுவரை யாரும் வந்து சேர்ந்ததில்லை என்பதால் அவசரமும் இருக்கவில்லை. இவற்றுக்கு இணையாக இருக்கைப் பயிற்சி என்று ஒன்று அன்றாடம் உண்டு. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், முழங்கால்கள் சேர்ந்திருக்க வேண்டும், முகத்தில் ஏக்கம் தெரியக் கூடாது, அக்கறையின்மையும் தெரியக் கூடாது.

பெயின்டரின் மனைவி சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவாள். பேச்சையும் தேய்த்துத்தான் வைப்பாள்.

"இன்னைக்கு என்னடி கத்துக்குடுத்தாங்க?"

"உட்காரக் கத்துக்குடுத்தாங்கம்மா."

"அதை நான் உனக்கு ஆறு மாசத்துலயே கத்துக்குடுத்துட்டேனே!"

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்னு இயக்குநர் சொல்றாரு" என்று பெயின்டர் குறுக்கே புகுந்தார்.

"ஆறிப் போனதை அவரு வீட்ல யாரு சாப்பிடுவாங்களாம்? பொறுத்தார் பூமி ஆள்வார், சரிங்க. கோல் போஸ்ட்டை யாரு ஆள்றது?"

கோல் போஸ்ட்டை எதிரணிகள் ஆண்டுகொண்டிருந்தன. ஆட்ட நாள்களில் வாரியத்தின் சடங்கு மாறாது. திறமை குறைந்தவர்கள் முதலில் மைதானத்துக்கு அனுப்பப்படுவார்கள். பிறகு திறமை வரிசைப்படி மற்றவர்கள் ஓர இருக்கையில் அமர்த்தப்படுவார்கள். திறமை கூடக்கூட இடம் நடுவை நெருங்கும். நடு இடத்தில் மெத்தை உண்டு. கொசுவுக்கு முதல் நாளே மெத்தை கிடைத்தது. பார்வையாளர் வரிசையிலிருந்து பெயின்டர் பக்கத்தில் இருந்தவரிடம் அதைச் சுட்டிக்காட்டினார்: "நடுவுல இருக்கறது எம்பொண்ணுங்க." பக்கத்தில் இருந்தவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா உட்கார்றா" என்றார்.

அன்று வாரிய அணி எட்டு கோல் வாங்கியது. அம்மி இருமுறை பந்தையும் ஒருமுறை தன் காலையும் தவறவிட்டாள். ஆட்டம் முடிந்ததும் இயக்குநர் செய்தியாளர்களிடம் முகம் மலர்ந்து பேசினார்.

"இதைத் தோல்வின்னு எழுதாதீங்க. எட்டு கோல்! யோசிச்சுப் பாருங்க, இன்னைக்கு எங்க வருங்கால நட்சத்திரம் மட்டும் களத்துல இருந்திருந்தா இந்த எட்டும் அந்தப் பிஞ்சு மனசுல விழுந்திருக்கும். நாங்க காப்பாத்திட்டோம். எவ்வளவு பெரிய தோல்வியோ அவ்வளவு பெரிய காப்பாத்தல்!"

செய்தியாளர்கள் எழுதிக்கொண்டார்கள். பெயின்டருக்கு ஏதோ ஒன்று நெருடியது. ஆனாலும் மகள் காப்பாற்றப்பட்டாள் என்று கேட்டபின் நெருடுகிறது என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

இப்படிக் காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஊரின் மறுகோடியில் உள்ள தொழிற்சாலை அணியின் பயிற்சியாளர் அம்மாள் பெயின்டரின் வீட்டுக்கு வந்தார். முன்பல் ஒன்று உடைந்த, குரல் கம்மிய பெண்மணி. தேய்த்து அடுக்கிய துணிகளுக்கு நடுவே இடம்செய்து உட்கார்ந்து, வந்த விஷயத்தை நேராகச் சொன்னார்.

"தேர்வு அன்னைக்கு நான் வேலிக்கு வெளியில நின்னு இவளைப் பாத்தேன். எங்கிட்ட அனுப்புங்க. வர்ற ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு, அன்னைக்கே இறக்கறேன்."

"அவசரம் இல்லீங்களா அது? தப்புப் பண்ணிட்டா?" என்றார் பெயின்டர்.

"பண்ணுவா. அடுத்த வாரம் வேற தப்புப் பண்ணுவா. அதுக்கடுத்த வாரம் இன்னொண்ணு. நான் திட்டிக்கிட்டே திரும்பத் திரும்ப இறக்குவேன். எனக்குத் தெரிஞ்ச பொறுமை அது ஒண்ணுதாங்க."

கொசு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குதிகால் தரையில் படவில்லை.

பெயின்டர் மறுநாள் இயக்குநரிடம் யோசனை கேட்கப் போனதுதான் தவறு. இயக்குநர் கோபிக்கவில்லை. நாற்காலியைப் பெயின்டர் பக்கத்தில் இழுத்துப் போட்டு அமர்ந்து, அவர் தோளில் கைவைத்தார். "விதையைத் தினமும் தோண்டிப் பாத்தா முளைக்குமா? நீங்க ப்ரைமர் ஆளு. உங்களுக்கு நான் சொல்லணுமா?" கொப்புளம் உடைந்து, சுவரில் 'பூமி'யின் அடிப்பாதி உதிர்ந்திருந்தது. பெயின்டர் அதைப் பார்த்தார். ஆனால் தோளில் இருந்த கை கனமாக, இதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, "இன்னும் கொஞ்சம் பொறு கண்ணு" என்றார்.

"எனக்குக் கை மறந்துக்கிட்டே வருதுப்பா" என்றாள் கொசு.

"கை எங்கம்மா போகும்? கையிலதானே இருக்கு!"

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மனைவி இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வைத்த ஓசையில் கணவன் மீது இருந்த அபிப்பிராயம் முழுவதும் இருந்தது.

ஆண்டுகள் போயின. கொசு 'வருங்கால நட்சத்திரம், மூன்றாம் நிலை' என்பதிலிருந்து இரண்டாம் நிலைக்கும், பின்பு முதல் நிலைக்கும் உயர்ந்தாள். வாரியத்தின் கூடத்தில் வருங்கால நட்சத்திரங்களின் படவரிசையில் அவள் படமும் மாட்டப்பட்டது. அதே வரிசையில் தலை நரைத்த வருங்கால நட்சத்திரங்களும் இருந்தார்கள். அவள் உட்காரும் அழகைப் பார்க்க வெளியூர் வாரியங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

இதற்கிடையில் யாரும் எதிர்பாராத விபரீதம் ஒன்று நடந்தது. வாரந்தோறும் களத்தில் இறக்கப்பட்டு, வாரந்தோறும் அடிபட்டு, விழுந்து, திட்டு வாங்கி, அடித்து அடித்து அம்மியும் நகர்ந்துவிட்டது. பந்து அவளைக் கண்டால் ஓய்வெடுப்பதை நிறுத்திக்கொண்டது. முதலில் ஒரு கோல். அது தற்செயல் என்று பதிவானது. பிறகு மேலும் பல. கடைசியில் அவள் அணித்தலைவியாகவே ஆகிவிட்டாள். வாரியம் அவமானத்தில் குறுகியது. இயக்குநர் அவளை அழைத்து விசாரித்தார்.

"உனக்கு யாரும்மா அனுமதி குடுத்தது?"

"எதுக்கு சார்?"

"முன்னேறதுக்கு!"

"நீங்கதானே சார் ஆடச் சொன்னீங்க?"

"ஆடத்தான் சொன்னேன்!"

விசாரணை 'திட்டமிடப்படாத வளர்ச்சி' என்ற முடிவோடு நிறைவுற்றது. இத்தகைய அசம்பாவிதம் மீண்டும் நேராமல் பார்த்துக்கொள்ளும்படி பயிற்சியாளர் எச்சரிக்கப்பட்டார்.

பெயின்டரின் பொறுமை அப்போதுதான் முதன்முறையாக அசைந்தது. வேலைக்குப் போகும் உடையில், கைவிரல்களில் சுண்ணாம்போடு, பக்குவக் குழுவின் முன் போய் நின்றார். ஒரு திறமைசாலி களமிறங்கும் அளவுக்குப் பக்குவப்பட்டுவிட்டாரா என்று அறிவிக்கும் அதிகாரம் படைத்தது அந்தக் குழு மட்டுமே. நீண்ட மேசை, நடுவில் தலைவர், ஒரு புறம் கண்ணயர்ந்த உறுப்பினர், மறுபுறம் ஒரு மருத்துவர்.

"ஐயா, எம்பொண்ணு இப்பவாச்சும் பக்குவமாயிட்டாளா?"

தலைவர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன கூட்டத்துல பாத்தப்ப காயாத்தான் இருந்தாங்க. நல்ல காய். கொஞ்சம் பொறுக்கலாம்னு முடிவு பண்ணோம்."

"இப்பங்க?"

"இப்பப் பாத்தோம். கொஞ்சம் கனிஞ்சு தாண்டிடுச்சு. முழங்கால்ல வேகம் இல்ல. வயசும் பாருங்க."

பெயின்டர் ஒருவர் முகத்திலிருந்து அடுத்தவர் முகத்துக்குப் பார்வையை நகர்த்தினார். "அப்ப... அப்ப நடுவுல பழுத்திருப்பாளே ஐயா?"

"நிச்சயமா" என்றார் தலைவர் உறுதியோடு. "எந்தக் காயும் பழுக்காம தாண்டாது. அதுல குழுவுக்குக் கருத்து வேறுபாடே இல்ல. ஆனா அந்தப் பருவத்துல குழு கூடல. போதுமான உறுப்பினர்கள் வரல. கூடியிருந்தா கட்டாயம் அறிவிச்சிருப்போம். உங்க பொண்ணு எங்களுக்கும் பொண்ணு மாதிரிதானே!"

கண்ணயர்ந்திருந்த உறுப்பினர் விழித்து, "பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணயர்ந்தார்.

கொசுவுக்குப் பிரிவு உபசாரம் என்று வாரியம் தீர்மானித்தது. பொன்னாடை போர்த்தி, இருக்கையிலிருந்தே வழியனுப்புவது மரபு. அம்மிதான் குறுக்கே நின்றாள். "கடைசி மேட்ச்ல அவ இறங்கலேன்னா நானும் இறங்க மாட்டேன்" என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். திட்டமிடப்படாமல் வளர்ந்தவர்களிடம் இதுதான் தொல்லை. ஆட்டத்தின் இறுதி நிமிடங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

"ஆறினதைப் பாக்க நான் வரல" என்று மனைவி கடைக்குப் போய்விட்டாள். பெயின்டர் தனியாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆட்டம் சமநிலையில் இருந்தது. ஒரு கோல் விழுந்தால் வாரிய அணி முதன்முறையாக இறுதிப் போட்டிக்குப் போகும். கொசு மெத்தையிலிருந்து எழுந்து, மட்டையை வாங்கிக்கொண்டு, கோட்டைத் தாண்டினாள். ஒரே ஒரு கோல் போதும். இத்தனை ஆண்டும் காய்ந்தது வீணில்லை என்று ஆகிவிடும். தோளில் இருந்த இயக்குநரின் கையும் பொய்யில்லை என்று ஆகிவிடும்.

அம்மி பந்தோடு புறப்பட்டாள். மூன்று பேரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கோல் காப்பவளையும் தரையில் விழ வைத்து, திரும்பிப் பாராமலே பந்தை இடப்பக்கம் தள்ளினாள். அங்கே கொசு இருந்தாள். பந்து அவள் மட்டையில் வந்து ஓசையே இல்லாமல் நின்றது. அப்படி ஒரு நிறுத்தத்தை அந்த மைதானம் கண்டதில்லை. கை மறக்கவில்லை! எதிரே வலை, வலைக்கும் அவளுக்கும் நடுவே புல்லைத் தவிர வேறெதுவும் இல்லை.

"அடி கண்ணு!" பெயின்டர் எழுந்து நின்று கத்தினார்.

கொசு பந்தைப் பார்த்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது, முழங்கால்கள் சேர்ந்திருந்தன, கை துடிக்கவில்லை. பிறகு தலையைத் திருப்பி ஓர இருக்கையைப் பார்த்தாள். பயிற்சியாளர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் பக்குவக் குழுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் உறுப்பினர்களைத் தேடி அரங்கத்தை நோட்டமிட்டார்.

"அடிடீ!" அம்மியின் குரல் உடைந்தது.

கோல் காப்பவள் எழுந்தாள். உடையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொள்ளக்கூட நேரம் இருந்தது. பந்தைக் கொசுவின் மட்டையடியிலிருந்து எடுத்து மறுமுனைக்கு அனுப்பினாள். அங்கே இருந்தவர்கள் யாரையும் பார்க்காமல் அடித்துக் கோலாக்கிவிட்டார்கள். விசில் ஒலித்தது.

ஓர இருக்கையில் மட்டும் கைதட்டல் எழுந்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? காலி கோல்! பந்து காலடியில! அடிக்கல! உலகத்துல எந்த ஃபார்வர்டுக்கு இந்த நிதானம் வரும்? இதுக்குத்தான் சார் இத்தனை வருஷம்!" அந்த இடத்திலேயே கொசுவைப் பொறுமைப் பிரிவின் பயிற்சியாளராக நியமிப்பதாக அறிவித்தார். பொன்னாடை போர்த்தப்பட்டது. கொசு தலை வணங்கி ஏற்றுக்கொண்டாள். அம்மி மட்டையைத் தரையில் எறிந்துவிட்டு வெளியேறினாள்.

தகப்பனும் மகளும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பெயின்டர் பொன்னாடையின் சாயத்தைப் பற்றி ஏதோ சொன்னார். பேருந்து வந்து நின்றது. அவர் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். அவள் படியிலிருந்து ஓரடி தள்ளி, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏறும்மா."

அவள் நடத்துநரைப் பார்த்தாள்.

"ஏறப்போறீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அவர் விசில் கொடுத்தார். பேருந்து நகர்ந்தது. அதே வேகம், ஒருகாலத்தில் மட்டையை முதலில் உள்ளே அனுப்பிவிட்டு அவள் தொற்றிக்கொள்ளும் அதே வேகம். பெயின்டரின் கால்கள் தாமாகவே இரண்டடி ஓடின. கை கம்பியை எட்டியும்விட்டது. திரும்பிப் பார்த்தார். மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையை விட்டார்.

"பஸ் போகுதும்மா!"

"போகட்டும்ப்பா. அடுத்தது வரும்."

அந்தத் தடத்தில் அன்று அதற்குப்பின் பேருந்து கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். கொசு நிழற்குடையின் நீண்ட இருக்கையில் போய், சரியாக நடுவில் உட்கார்ந்தாள். பெயின்டரும் வந்து பக்கத்தில் சரிந்து அமர்ந்தார். அவள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு முதுகில் கைவைத்து, மெதுவாக, பொறுமையாக, அவரை நிமிர்த்திவிட்டாள்.